செல்போனும் ஒரு மைக்கும் போதும்: வீட்டிலிருந்தே பாட்காஸ்ட் செய்வது எப்படி?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலைப்பொழுதை என் சித்தப்பா சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் பேச்சு அவர் குரலிலேயே நிலைக்க வேண்டும் என்றுதான் நான் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் ஏற்றிக் கேட்கவைக்கும் பேச்சுப் பதிவு, செய்யக் கற்றுக்கொண்டேன்.

முதல் பதிவு வீணாய்ப் போனது. கூடத்தில் மேசைமேல் செல்போனை வைத்தேன், அவர் நான்கடி தள்ளி உட்கார்ந்தார், தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. இரண்டு நாள் மென்பொருளோடு மல்லுக்கட்டியும் அந்தக் குரல் பக்கத்தில் வரவே இல்லை. மறுபடி போய், மறுபடி பதிவு செய்தேன். அதில் கற்றதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அறையைத் தேர்ந்தெடுங்கள்

அறை நடுவில் நின்று ஒரு தட்டு கைதட்டுங்கள். ‘டண்’ என்று ஓசை நீண்டால் அந்த அறை வேண்டாம். நம் ஊர் வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. குரல் எல்லாவற்றிலும் மோதித் திரும்பி வந்து மைக்கில் விழும். மெத்தையும் தலையணையும் இருக்கும் படுக்கையறை நல்லது. பீரோவைத் திறந்துவைத்து, மடித்த புடவைகளைப் பார்த்தபடி பேசுங்கள். பேசுபவருக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். துணிதான் ஓசையை வாங்கிக்கொள்ளும். தடிமன் கூடக்கூட நல்லது.

ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதக் கடலூரில் இது லேசான காரியமில்லை என்று தெரியும். பத்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் காற்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜையும் அணையுங்கள், மறுபடி போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடினால் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும், அதையும் கவனியுங்கள்.

2. மைக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், நேரே வரும் குரல் சுமார் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறையும். அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். அதனால்தான் தூரத்துப் பதிவு கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஒலிக்கிறது.

சட்டையில் மாட்டும் காலர் மைக் என்றால் தாடைக்குக் கீழே ஒரு சாண். மேசையில் வைக்கும் மைக் என்றால் வாயிலிருந்து நான்கைந்து விரல்கடை. வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி, சாய்வாக வையுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ‘புயல், பண்ருட்டி, பலா’ என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். கையில் படும் அந்தக் காற்றுதான் மைக்கில் ‘டப் டப்’ என்று அடிக்கிறது.

காலர் மைக்கில் இன்னொரு தொல்லை, உரசல். சித்தப்பாவின் கஞ்சி போட்ட கதர்ச்சட்டை அவர் திரும்பும்போதெல்லாம் சரசரத்தது. மைக் ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி, சட்டைக்கு உள்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். அடங்கிவிட்டது.

இருவர் பேசினால் ஆளுக்கொரு மைக் சிறந்தது. ஒன்றுதான் இருக்கிறதா? விருந்தாளி பக்கம் வையுங்கள். உங்கள் கேள்விகளைப் பிறகு தனியாகவும் பதிவு செய்து சேர்க்கலாம்.

3. பதிவுக்கு முன் ஒரு ஒத்திகை

செல்போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். பதிவு செயலியில் வேவ் (ஒலியைச் சுருக்காத) கோப்பு, சாம்பிள் ரேட் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். விருந்தாளியை ஒரு நிமிடம் பேசவிட்டு, ஒரு முறை சிரிக்கவும் வையுங்கள். சாதாரணப் பேச்சில் அளவுமுள் மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி ஆடட்டும். சிரிப்பின்போதுகூட 0-வைத் தொடக்கூடாது. தொட்டால் ஒலி பிசிறும், பிசிறியதைப் பழையபடி ஆக்குவது கடினம். இயர்போனில் கேட்டபடியே பதிவு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் முப்பது விநாடி மௌனமாக உட்காருங்கள். அந்த வெற்று அறையின் ஒலி எடிட்டிங்கில் கட்டாயம் தேவைப்படும்.

வீட்டுக்கு வெளியே போய்ப் பதிவு செய்வதென்றால் நேரம் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று மைக்கை நிரப்பிவிடும். காலை ஆறு, ஆறரைக்குப் போனால் காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும். பஞ்சு உறைக்கு மேல் ரோம உறை போட்ட மைக் வேண்டும். அலை ஓசையைத் தனியாக இரண்டு நிமிடம் பிடித்துவைத்து, பேச்சைப் படகு மறைவில் உட்கார்ந்து எடுங்கள். பிறகு வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம்.

4. கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள்

“புயல் ரொம்ப பயங்கரமா இருந்துச்சா சித்தப்பா?” என்று கேட்டேன். “ஆமாம்பா” என்றார், அவ்வளவுதான். இரண்டாம் முறை, “அன்னிக்கு விடிஞ்சதும் முதல்ல எந்தக் கதவைத் திறந்தீங்க?” என்று கேட்டேன். இருபது நிமிடம் பேசினார். கொல்லைக் கதவு திறக்கவில்லையாம், வெளியே பலாமரம் சாய்ந்து அடைத்துக்கொண்டிருந்ததாம்.

அவர் பேசும்போது ‘ம்... ஆமா... அப்படியா’ என்று வாயால் சொல்லாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் ‘ம்’ அவர் சொல்லின் மேல் விழுந்தால் பிரிக்கவே முடியாது.

5. எடிட்டிங்

ஆடாசிட்டி இலவச மென்பொருள், தொடங்குபவருக்குத் தாராளமாகப் போதும். மூலக்கோப்பின் நகல் ஒன்றைப் பத்திரப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் பேச்சை வெட்டி ஒழுங்குபடுத்துங்கள். திரும்பச் சொன்னவை, இருமல், தடம் மாறிய பேச்சு எல்லாம் போகட்டும். ஆனால் மௌனத்தின்மேல் கை வைக்குமுன் யோசியுங்கள். “நாப்பது மரம்...” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா ஆறு விநாடி பேசவில்லை. பழக்கத்தில் அதை ஒரு விநாடியாகக் குறைத்தேன். கேட்டால் யாரோ கணக்கு ஒப்புவிப்பதுபோல் இருந்தது. ஆறு விநாடியையும் திரும்ப வைத்தேன். வெட்டிய இடம் சட்டென்று செத்ததுபோல் ஒலித்தால், பிடித்துவைத்த அறையொலியை அங்கே ஒட்டுங்கள்.

அடுத்து, தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். லாரி உறுமல், மேசை அதிர்வு போகும். பிறகு, பின்னணி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். மௌனப் பகுதியைத் தேர்ந்து ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்தி, முழுப் பதிவையும் தேர்ந்து 6 டெசிபெல் மட்டும் குறையுங்கள். பேராசைப்பட்டு 20 வைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். ஒருவர் உரக்க, ஒருவர் மெல்லப் பேசியிருந்தால் உரத்த இடங்களை அடக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸரை 3-க்கு 1 விகிதத்தில் போடலாம்.

கடைசியாக, முழுப் பதிவின் உரப்பைச் சரிசெய்யும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பின் அலகு) என்று வையுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைக்கும் அளவு இது. மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவானால் ‘ட்ரீட் மோனோ அஸ் டூயல்-மோனோ’ பெட்டியில் டிக் இருக்கட்டும். அதன்பின், ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் உச்சத்தை மைனஸ் 1.5 டெசிபெல்லில் நிறுத்துங்கள்.

6. ஏற்றுவதற்கு முன்

பேச்சு மட்டும் என்றால் மோனோ எம்.பி.3, 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) போதும். அரை மணி நேரம் சுமார் 14 எம்.பி. தான் வரும், டேட்டா குறைவாக உள்ளவரும் கேட்கலாம். முகப்புப் படம் சதுரமாக, 3000-க்கு 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை தளத்தில் இலவசமாக ஏற்றலாம். அங்கே கிடைக்கும் ஆர்.எஸ்.எஸ். முகவரியை (உங்கள் பதிவுகளை மற்ற செயலிகள் தானாக எடுத்துக்கொள்ள உதவும் இணைப்பு) மற்ற செயலிகளுக்கும் கொடுக்கலாம்.

நான் ஏற்றுமுன் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முறை கேட்பேன். அந்த இரைச்சலில் எந்தச் சொல் விழுங்கப்படுகிறதோ அங்கே ஒலியைக் கொஞ்சம் தூக்குவேன்.

பேசியவருக்கும் போட்டுக் காட்டுங்கள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும், “மரம் போனப்புறம் வட்டிக்கு வாங்கினேன்னு தொகையைச் சொன்னேன் பாரு, அது மட்டும் வேணாம்பா” என்றார். பதினொரு விநாடி. அதை எடுத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.