அப்பாருவின் கதையை எழுதி வைக்க மாட்டிலிருந்து தொடங்குங்கள்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மாடு வளர்த்து வாழ்ந்த அப்பாருவோ (அப்பாவின் அப்பா) அப்புச்சியோ (அம்மாவின் அப்பா) உங்களுக்கு உண்டா? அப்படியானால் அவர் கதையை இந்த வருஷமே எழுத ஆரம்பித்துவிடுங்கள். அவர் காலமாகிவிட்டாலும் ஆத்தா (பாட்டி) இருப்பார், கூட மாடு மேய்த்தவர் இருப்பார், சந்தையில் பழகிய தரகர் இருப்பார்.

"உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்னத்தச் சொல்றது கண்ணு, பாடுபட்டோம், பொழச்சோம்" என்று முடித்துவிடுவார். மாட்டைப் பற்றிக் கேளுங்கள். முதன்முதலில் சொந்தமாகப் பிடித்த மாடு எது, மயிலையா (சாம்பல் வெள்ளை) செவலையா (சிவப்பு) காரியா (கறுப்பு), எத்தனை பல்லில் வாங்கியது (பல்லை வைத்துத்தான் மாட்டின் வயசு), உடம்பு மயிரில் சுழி பார்த்தது யார், பட்டியில் பூச்சிக்காளை (இனவிருத்திக்கு விடும் காளை) நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள். அந்த ஜோடியை ஏன் விற்றீர்கள் என்று கேட்கும்போது அத்தை கல்யாணம் வரும், மழை பொய்த்த வருஷம் வரும், பங்காளி தகராறும் வரும். குடும்பக் கதை தானாக வெளியே வருவது இப்படித்தான்.

சில விஷயங்களைச் சொல்லச் சொல்லாமல் செய்து காட்டச் சொல்லுங்கள். கண்ணபுரம் சந்தையிலோ அந்தியூர் சந்தையிலோ துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவராக இருந்தால், உங்கள் கையை நீட்டி மேலே ஒரு துண்டைப் போட்டு, பேசிக் காட்டுங்க அப்பாரு என்று கேளுங்கள், பக்கத்தில் ஒருவர் போனில் படம் பிடிக்கட்டும். எந்த விரலுக்கு எவ்வளவு என்பது அவர் கைக்குத்தான் தெரியும்.

நடக்க முடிகிறவர் என்றால் வெயில் ஏறுவதற்குள் காட்டுக்கே கூட்டிப் போங்கள். இந்தக் கிளுவைச் செடி வேலிக்குப் போத்து (நட வெட்டிய கிளை) நட்டது யார், எந்த வெள்வேலமரத்தடியில் மாடு படுக்கும், கொழுக்கட்டைப் புல் தழைய விட எந்தக் காட்டை எத்தனை நாள் பூட்டி வைப்பார்கள் என்பதெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் ஞாபகத்துக்கு வராது.

வருஷக் கணக்குதான் கொஞ்சம் சிக்கல். ஜாதகத்தில் தாது வருஷம் என்று இருந்தால் அது 1936 சித்திரை முதல் 1937 பங்குனி வரை. அறுபது வருஷச் சுற்று என்பதால் அதே பெயர் 1876-லும் வந்தது, தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்தை. அப்பாரு தன் அப்பாரு சொல்லக் கேட்டதை இவர் அனுபவித்ததாக எழுதிவிடாதீர்கள். மற்றவற்றுக்கு, சுதந்திரம் வந்தபோது மாடு மேய்க்கிற வயசா, 1967 தேர்தலுக்கு முன்னா பின்னா, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தபோது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஓரளவு பிடிபடும். பழைய கிரயப் பத்திரத்தையும் மொய் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். பத்திரத்தின் நாலு எல்லையில் அன்றைய பக்கத்துக் காட்டுக்காரர்கள் பெயர் இருக்கும், மொய் நோட்டில் நீங்கள் கேள்விப்படாத சொந்தங்களின் பெயர் இருக்கும்.

ஆத்தாவிடம் தனியாகப் பேசுங்கள், இது ரொம்ப முக்கியம். அப்பாரு பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்வார். விடியக்காலையில் சாணி அள்ளியது, பால் கறந்தது, நெய் விற்ற காசில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது எல்லாம் ஆத்தா வாயிலிருந்துதான் வரும். பண்ணையத்தில் (விவசாயத்தில்) வேலைக்கு ஆள் இருந்திருந்தால் அவர் வீட்டுக்கும் போங்கள், அப்பாரு என்ன கூலி கொடுத்தார், எப்படி நடத்தினார் என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமான பதில் வந்தாலும் எழுதுங்கள். நாம் நேசித்த மனிதரை முழுசாகத் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவும்.

எழுதும்போது அவர் பேச்சை இலக்கணத் தமிழாக மாற்ற வேண்டாம், அவர் சொன்னபடியே இருக்கட்டும். ஒலிப்பதிவை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் இன்னொரு இடத்திலும் சேமியுங்கள். பழைய போட்டோவின் பின்னால் மெல்லிய பென்சிலால் ஆட்கள் பெயரோடு மாட்டின் பெயரையும் குறித்து வையுங்கள். அப்புறம், பட்டிப் பொங்கலுக்கு (மாட்டுப் பொங்கல்) சொந்தமெல்லாம் கூடும்போது எழுதிய வரைக்கும் உரக்கப் படியுங்கள். "அது அந்த மாடு இல்ல, சின்ன மயிலை" என்று சித்தப்பா ஒருவர் திருத்துவார், அதையும் அங்கேயே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.