டிகிரி வாங்கும் நாளுக்கு அம்மா அப்பாவோடு போவது எப்படி

பட்டமளிப்பு விழா என்று கல்லூரியிலிருந்து செய்தி வந்த அன்றைக்கே உங்கள் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில், தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். விழா மேடைக்குப் பின்னால் நின்று பட்டச் சான்றிதழ்களை வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான் ஒவ்வொரு வருஷமும் என் வேலை. அங்கே நின்று பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், முக்கியமாக வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளுக்கு.

பெயர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். இனிஷியல் அதில் முன்னால் இருந்தால் இதிலும் முன்னால். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். மகாலெட்சுமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் பல விதமாக எழுதிக்கொண்டு வருவார்கள். விண்ணப்பம் நிரப்பும்போது திருத்துவது ஐந்து நிமிட வேலை. அச்சாகி வந்த பிறகு என்றால் பல்கலைக்கழகத்துக்கு மனு, கட்டணம், அலைச்சல். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது வந்து அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே விண்ணப்பத்தில் நேரில் வருகிறீர்களா, வரவில்லையா என்று கேட்டிருப்பார்கள். சான்றிதழ் இரண்டுக்கும் ஒன்றுதான், மதிப்பிலும் வித்தியாசம் இல்லை. அதனால்தான் பலர் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, பிறகு ஒரு நாள் கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வரும் வரைக்கும் நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அந்தக் காலத்தில் பட்டம் வாங்கச் சென்னைக்குப் போய் வர எத்தனை குடும்பத்துக்கு வசதி இருந்தது? பலருக்குப் பட்டம் தபாலில்தான் வந்தது. பிறகு ஊர் ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே ஆணியில் தொங்கும் கறுப்பு அங்கியை மாட்டி, சுருட்டிய வெள்ளைத் தாளைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். தஞ்சாவூர், மாயவரம் பக்கம் பழைய வீட்டுக் கூடங்களில் அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைக்காத மேடை உங்களுக்கு ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது.

அரியர் முடித்துத் தாமதமாக வருகிறவர்கள் ஜூனியர்களோடு நிற்கக் கூச்சப்படுவார்கள். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் சொல்லிக்கொடுத்தார், அவர் எந்தக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல், அவருடைய 77-வது வயதில். இரண்டு வருஷம் பிந்தியதற்குத் தலை குனிய வேண்டாம், வாருங்கள்.

இப்போது அம்மா அப்பா விஷயம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேதி தெரிந்ததும் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரி சொன்னால் அவர்களால் வர முடியாது. விழா புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் நடவு நேரம், தை, மாசியில் வந்தால் சம்பா அறுவடை. அம்மா ஒரு நடவுக் கோஷ்டியில் போகிறவர் என்றால், வர முடியாது என்று முன்னாலேயே சொல்லி மாற்று ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். அன்றைய கூலியும் போகும். அதையெல்லாம் யோசித்து "நீ போய்ட்டு வாடி, எனக்கு அங்க என்ன தெரியும்" என்பார்கள். அந்தப் பேச்சை ஒத்துக்கொள்ளாதீர்கள். "நீங்க வரலேன்னா நானும் போகல" என்று அடம் பிடித்த பெண்கள்தான் கடைசியில் அம்மாவோடு வந்தார்கள்.

வழக்கமாக ஒருவருக்கு இரண்டு பாஸ் கொடுப்பார்கள். ஆத்தாவும் (பாட்டி) வர வேண்டுமென்றால் முன்கூட்டியே துறைத் தலைவரைக் கேளுங்கள், வெளியே திரை வைத்திருந்தால் அங்கே உட்காரலாம். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், தலைமை விருந்தினர் வரத் தாமதமானால் மதியம் தாண்டிவிடும். அப்பாவுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை இருந்தால் பையில் எடுத்துவையுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அம்மாவையும் ஆத்தாவையும் அதில் ஏற்றிவிடலாம்.

அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "கவர்னர் கையால வாங்குவியா?" என்று கேட்பார்கள். கவர்னர் வருவது பல்கலைக்கழகத்தில் நடக்கும் விழாவுக்கு. அங்கே பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுகிறவர்களும் தங்கப் பதக்கம் வாங்கியவர்களும்தான் மேடை ஏறுவார்கள். நம் கல்லூரியில் கொடுப்பவர் தலைமை விருந்தினர். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் எழுந்து நிற்க வேண்டும், மற்ற நேரம் உட்கார்ந்திருக்கலாம், பேர் கூப்பிடும்போது தாராளமாகக் கைதட்டலாம். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் வாசல் ஓரமாகவே நின்றுவிடும் பெற்றோர் உண்டு. நீங்களே கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வரிசைக்குப் போங்கள்.

அங்கிக்கு முன்பணம் கட்டி வாங்க வேண்டியிருக்கும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பட்டுப் புடவை வேண்டாம், நல்ல காட்டன் போதும். மேலே பாலியெஸ்டர் அங்கி வந்ததும் நம் ஊர் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும். விழா உடைக்குக் கைத்தறியைப் பயன்படுத்தச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-ல் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. திருபுவனத்தில் தறிக்குழி இருக்கும் வட்டாரத்தில் எல்லாக் கல்லூரிகளும் கைத்தறி அங்கவஸ்திரத்துக்கு மாறினால் எனக்கு மனசு நிறையும். அது வரைக்கும் சேப்டி பின்தான் கதி. கழுத்தில் போடும் ஹூட் பின்பக்கம் இறங்கித் தொண்டையை அழுத்தும், இரண்டு தோளிலும் உள்ளே புடவையோடு சேர்த்துக் குத்திக்கொள்ளுங்கள். மல்லிகைப் பூவைத் தொப்பிக்குக் கீழே, பிடரியை ஒட்டி வையுங்கள். மழைக் காலமென்றால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டி வந்து, உள்ளே வந்து இறக்கிவிட்டுக்கொள்ளலாம். ஹை ஹீல்ஸ் போட்டு மேடைப் படி ஏற வேண்டாம்.

ஒத்திகைக்குத் தவறாமல் போங்கள். பதிவெண் வரிசையில் ஒருவர் இடம் மாறினால் அடுத்தவர் பெயருக்கு நீங்கள் மேடையில் நிற்பீர்கள். வாங்கும்போது ஒரு நொடி கேமராவைப் பாருங்கள், பிறகு நகருங்கள். உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்லுங்கள். முணுமுணுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்த நாளில் நீங்களாகப் பேசும் சொல் அது ஒன்றுதான்.

கல்லூரிப் போட்டோகிராபர் எடுக்கும் மேடைப் படத்துக்கு அன்றைக்கே பணம் கட்டிவிடுங்கள். அங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதை அம்மாவுக்குப் போட்டுவிட்டு ஒரு படம், அப்பாவுக்குத் தொப்பி வைத்து ஒரு படம். வெட்கப்பட்டு விலகுவார்கள், விடாதீர்கள். திரும்பும் வழியில் திருவையாறு வந்தால் அசோகா அல்வா வாங்குங்கள், தெருவுக்கே கொடுக்கலாம்.

வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் சான்றிதழை வைக்கலாம், அதன் ஓரத்தில் மட்டும் சந்தனம் குங்குமம் வைக்க விடாதீர்கள், கறை போகாது. லேமினேஷன் செய்யவே கூடாது. வெளிநாட்டு வேலைக்கோ மேல்படிப்புக்கோ முத்திரை வாங்கப் போகும்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, டிரங்குப் பெட்டியில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் கூரை போன வீடுகளை நினைத்துச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு அந்த வாரத்துக்குள்ளேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் டிகிரியைச் சேர்த்துவிடுங்கள், பதிவு மூப்பு அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.