எர்த் போட்டாச்சு, அப்புறமும் ஏன் ஷாக் அடிக்கிறது?

வீடு கட்டும்போது குழி தோண்டி, பைப் இறக்கி, பச்சை ஒயரை மெயின் போர்டில் சேர்த்துவிட்டால் எர்த் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பிறகு ஒரு நாள் கிரைண்டரில் கை வைத்தால் சுரீரென்று இழுக்கிறது, எம்.சி.பி.யோ (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச்) விழாமல் அப்படியே நிற்கிறது. எம்.சி.பி. கெட்டுப்போகவில்லை. அது விழும் அளவுக்குக் கரண்ட் ஓடவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள் வருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த்தை நாமே நம் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். மோட்டார் காயில் உரசி ஃபேஸ் கிரைண்டரின் இரும்பு உடம்பில் ஏறினால், அந்தக் கரண்ட் பச்சை ஒயர் வழியாக நம் குழியில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே நடந்து, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். குழியின் தடை 30 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 32-ஆல் வகுத்தால் 7 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஹீட்டர் ஓடுவதைவிடக் குறைந்த லோடு. சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். இதற்கிடையில் கிரைண்டர் உடம்பில் நிற்கும் வோல்டேஜ் சுமார் 215. எர்த் இருந்தும் இந்த நிலை.

30 ஓம் என்பது மோசமான குழியின் கணக்கும் அல்ல. 100 ஓம்-மீட்டர் தடையுள்ள சாதாரண மண்ணில் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஒன்றை வெறுமனே இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ அதுதான். பாறை நிலத்தில் இன்னும் கூடும்.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்.சி.சி.பி. என்ற, கசிவைக் கண்டு விழும் சுவிட்சின் வேலை. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் இரண்டையும் வெட்டிவிடும். அதே 30 ஓம் குழியில் 30 மில்லி ஆம்பியர் ஓடினால் கிரைண்டர் உடம்பில் ஏறுவது 0.9 வோல்ட்தான். சுமாரான குழியும் இப்போது போதுமானதாகிவிடுகிறது.

எர்த்தே இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் போட்டால்? கிரைண்டரில் ஃபேஸ் ஏறியது அதற்குத் தெரியாது. வெளியே கசிய வழியில்லாததால் சும்மா இருக்கும். ஈரக் கையோடு ஒருவர் தொடும்போது அவர் உடம்பே அந்த வழியாகிறது. அப்போது விழும், பெரும்பாலும் உயிரும் தப்பும். ஆனால் ஷாக் அடித்த பிறகுதான். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே, பழுது வந்த நொடியில் விழுந்துவிடும்.

குழி

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, முடிந்தால் துணி துவைக்கும் தண்ணீர் போகும் பக்கமாக இடம் பாருங்கள். 40 மி.மீ. ஜி.ஐ. பைப், நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது. கீழ்ப்பகுதியில் 12 மி.மீ. துளைகள் போட்டு, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்புவது பழைய முறை. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உப்பு மழையில் கரைந்து போகும், போகும்போது பைப்பையும் தின்னும். கொஞ்சம் கூடுதல் செலவுக்குத் தயார் என்றால் உப்புக்குப் பதில் பென்டோனைட் என்ற களிமண் கலந்த எர்த்திங் பவுடர் போடலாம்.

குழியில் அதிகம் கெடுவது பைப் அல்ல, ஒயர் சேரும் இடம். செம்புக் கம்பியைப் பைப்பில் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். ஈரத்தில் செம்பும் துத்தநாகப் பூச்சும் ஒட்டி நின்றால் பூச்சு அரிக்கும். சில வருடத்தில் அங்கே வெள்ளைத் தூளும் துருவும்தான் மிஞ்சும், வெளியே எதுவும் தெரியாது. 8-ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பியோ பட்டையோ எடுத்து, கிளாம்ப் வைத்து, ஜி.ஐ. போல்ட்-நட் போட்டு இறுக்குங்கள். அந்த இணைப்பு மண்ணுக்கு மேலே, திறந்து பார்க்கக்கூடிய சிறு தொட்டிக்குள் இருக்கட்டும். கோடையில் அந்தத் தொட்டி வழியாக மூன்று, நாலு வாளி தண்ணீர் ஊற்றவும் வசதி.

தடை குறையவில்லை என்றால் அதே குழியில் மேலும் உப்பைக் கொட்டிப் பயனில்லை. இன்னொரு பைப்பைக் குறைந்தது ஒரு பைப் நீளம் தள்ளி இறக்கி, இரண்டையும் சேருங்கள். தடை ஏறத்தாழப் பாதியாகும். நெருக்கி இறக்கினால் அந்தப் பலன் வராது.

குழி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, ‘பளிச்னு எரியுது பாருங்க’ என்று காட்டுவது வழக்கம். இதை நம்ப வேண்டாம். அந்தப் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 50 ஓம் குழியில்கூட 20 வோல்ட்தான் குறையும், பல்பு ஏறக்குறைய அதே பிரகாசத்தில் எரியும். எர்த் முழுக்க அறுந்திருந்தால் மட்டுமே இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஓம் கணக்கு வேண்டுமானால் எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள்ளே

விளக்கு, ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம்., 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4. எர்த் ஒயரும் ஃபேஸ் ஒயரின் அளவிலேயே வரட்டும். சாக்கெட்டை முன்னால் நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. அதை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் வீடுகளில் குழி வெட்டிய காசு தண்டம்.

பழைய வீடு வாங்கியிருந்தால் மெயினை நிறுத்திவிட்டு இரண்டு சாக்கெட்டையாவது கழற்றிப் பாருங்கள். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு ஒயர் போயிருக்கிறதா? எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு அடித்த லூப் அது. டெஸ்ட் பல்பு வைத்தால் எர்த் இருப்பதுபோலவே எரியும். ஆனால் மெயின் போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்தால் போதும், ஃபேஸ் ஏதோ ஒரு பல்பு வழியாக அந்த நியூட்ரல் ஒயரில் ஏறி, லூப் வழியாக பிரிட்ஜ் கதவுக்கு வந்துவிடும். பார்த்த உடனே வெட்டி எறிய வேண்டிய ஒயர் அது.

ஆர்.சி.சி.பி.

ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் போதும். அதற்கு முன்னால் உள்ள மெயின் எம்.சி.பி. 40-ஐத் தாண்டக் கூடாது, ஏனென்றால் ஆர்.சி.சி.பி. ஓவர்லோடையோ ஷார்ட்டையோ தடுக்காது. 100, 300 மில்லி ஆம்பியர் என்று போட்டவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. இன்வெர்ட்டர் ஏ.சி., புது வாஷிங் மெஷின் இருந்தால் ஏ வகை வாங்குங்கள். முகப்பில் அலைக்கோட்டோடு அரை அலையும் வரைந்திருக்கும்.

மீட்டர், மெயின் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., பிறகு மற்ற எம்.சி.பி.கள் என்பது வரிசை. ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளியேறும் நியூட்ரல் தனி லிங்க்குக்கு (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) போக வேண்டும், வேறு எந்த நியூட்ரலோடும் சேரக் கூடாது. இணைப்பு வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். ஆர்.சி.சி.பி.யை இறக்கினாலும் அதன் உள்வரும் முனையில் 230 வோல்ட் நின்றுகொண்டுதான் இருக்கும்.

மாட்டிய அன்றே அடிக்கடி விழுந்தால் ‘பீஸ் சரியில்லை’ என்று கழற்றி, நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அனுமதிக்காதீர்கள், அது ஏதோ ஒன்றைச் சொல்கிறது. முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். இப்போது நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். விழவைப்பது பெரும்பாலும் கீசர் காயில், பழைய கிரைண்டர் அல்லது போர் மோட்டாராக இருக்கும். மழையில் மட்டும் விழுந்தால் கேட் விளக்கையும் மொட்டை மாடி ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து பாருங்கள்.

பிளக் எதுவும் இல்லாமலேயே விழுந்தால் எம்.சி.பி.களை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. வயர்மேன் மெயினை நிறுத்தி, லிங்க்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பார்க்கட்டும். எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிய பிறகு ஒரு மெக் ஓமுக்குக் கீழே காட்டும் ஒயர்தான் குற்றவாளி.

மெக்கரில் எல்லாம் சரி, ஆனால் ஹால் விளக்கைப் போட்டால் விழுகிறதா? இன்வெர்ட்டர் வைத்தவரைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து ஃபேஸ் எடுத்துவிட்டு, நியூட்ரலைப் பழைய லைனிலேயே விட்டிருப்பார். போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்.சி.சி.பி.க்கு அது கசிவுதான். இன்வெர்ட்டர் விளக்குகளின் நியூட்ரலைத் தனியாகப் பிரித்தால் தீர்ந்துவிடும்.

‘டி’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். ஆர்.சி.சி.பி. உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். பச்சை ஒயர் அறுந்தே கிடந்தாலும் அந்தப் பொத்தானுக்கு விழும்.