டீம் இஸ் சரியா, டீம் ஆர் சரியா?

டீம், ஃபேமிலி, கமிட்டி, ஆடியன்ஸ் போன்ற கூட்டுப் பெயர்கள் வந்தாலே ஆங்கிலம் எழுதும் கை கொஞ்சம் தயங்கும். உள்ளே இருப்பவர்கள் பலர், ஆனால் சொல் ஒருமை. எந்த வினை போடுவது?

முதலில், அந்தக் கூட்டம் மொத்தமாக ஒரு காரியம் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் ஒருமை வினை. தமிழிலும் "கூட்டம் கலைந்தது" என்றுதானே சொல்கிறோம்? அதேபோல, "தி கமிட்டி மீட்ஸ் எவ்ரி மன்டே."

அடுத்து, உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்களா? அப்போது பிரிட்டிஷ் ஆங்கிலம் பன்மையை ஏற்கும்: "தி கமிட்டி ஆர் டிவைடட்." பிரிட்டிஷ்காரர்களின் கிரிக்கெட் வர்ணனையில் "இங்கிலாந்து ஆர் பேட்டிங்" என்பது சர்வசாதாரணம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையோடு நின்றுவிடுவார்கள். புதிதாகப் படிப்பவர்கள் ஒருமையையே வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. தனித்தனி ஆட்களைத்தான் சொல்ல வேண்டும் என்றால் "தி மெம்பர்ஸ் ஆஃப் தி கமிட்டி ஆர்" என்று எழுதிவிடுங்கள், எந்த நாட்டுக்காரரும் தப்புச் சொல்ல முடியாது.

அப்புறம் பலர் கோட்டைவிடும் இடம். வினையைச் சரியாகப் போட்டுவிட்டு, பின்னால் வரும் பிரதிப்பெயரை மறந்துவிடுகிறோம். "தி டீம் ஹேஸ் வொன் தேர் ஃபர்ஸ்ட் மேட்ச்" என்பதைப் பாருங்கள். ஹேஸ் ஒருமை, தேர் பன்மை. பேச்சில் இது கடந்துபோகும், எழுத்தில் உறுத்தும். ஹேஸ் என்றால் இட்ஸ், ஹேவ் என்றால் தேர். எழுதி முடித்ததும் இந்த ஜோடியை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள்.

போலீஸ், பீப்பிள், கேட்டில் (கால்நடைகள்) மூன்றும் இந்தக் கணக்கில் சேராது. பொதுவாக எப்போதும் பன்மைதான்: "தி போலீஸ் ஆர் கமிங்." பேச்சில் "போலீஸ் வருது" என்று சொல்லிப் பழகியதால் நமக்கு இஸ் தானாக வந்து விழும், கவனம்.

வில், கேன் வந்தால் வினையைப் பற்றிக் கவலையே இல்லை, ஒருமைக்கும் பன்மைக்கும் அவை மாறாது. இறந்தகாலத்தில் வாஸ், வேர் இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

சரி, இதை நிரப்புங்கள்: "தி ஜூரி ஹேஸ் கிவன் ___ வெர்டிக்ட்." தீர்ப்பு ஒன்று, ஹேஸ் ஏற்கெனவே இருக்கிறது. விடை இட்ஸ்.