18 பேரை வைத்து 90 பேர் படை: குறும்படத்துக்கான செய்முறை

1801 மார்ச்சில் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையைத் தாக்கிய கம்பெனிப் படையை ஊமைத்துரையின் ஆட்கள் அடித்து விரட்டினார்கள். மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அந்த இரண்டு மாதத்தைக் குறும்படமாக எடுக்க எனக்கு நெடுநாள் ஆசை. கையில் இருந்தது 18 நண்பர்கள், ஒரு போன், ஒரு டிரைபாட். 1970-ல் வந்த ‘வாட்டர்லூ’ படத்துக்கு சோவியத் ராணுவமே சுமார் 15,000 வீரர்களைக் கொடுத்தது. நமக்குக் கைகொடுப்பது பிளேட் முறை: கேமராவை அசைக்காமல், அதே ஆட்களை இடம் மாற்றி ஐந்து தடவை எடுத்து, எடிட்டில் ஒட்டுவது.

கேமராவை உயரத்தில் வையுங்கள். நான் டிராக்டர் டிரெய்லர் மேல் வைத்தேன். தரைமட்டத்தில் எடுத்தால் எல்லாத் தலையும் ஒரே கோட்டில் வந்து கூட்டம் தெரியாது.

சட்டகத்தை இடமிருந்து வலமாக 5 பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பட்டை, 18 பேரும் அதற்குள்ளேயே நிற்க வேண்டும். எல்லைக்குக் கோலமாவு போட்டால் படத்தில் தெரியும், கூழாங்கற்கள் போதும். எல்லையோரம் நிற்பவர்கள் ஈட்டியை நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் அடுத்த பட்டைக்குள் போய்ப் பாதி ஈட்டி காணாமல் போகும்.

இனி, என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம். முதல் தடவை ஒட்டிப் பார்த்தபோது, சேரும் இடத்தில் தரை லேசாக நெளிந்தது. டிரைபாட் கால்மேல் சந்தேகப்பட்டேன், காற்றைச் சந்தேகப்பட்டேன், மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு மறுபடி எடுத்தேன். அப்போதும் நெளிந்தது. காரணம் போனின் ஸ்டெபிலைசேஷன், அதாவது கை நடுக்கத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி! போன் அசையாமல் நின்றாலும், ஆட்கள் ஓடும்போது மென்பொருள் சட்டகத்தைத் தானாக நகர்த்துகிறது. அதை முதலில் அணையுங்கள். பிறகு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றும் தானாக மாறாதபடி பூட்டுங்கள். இதற்கு பிளாக்மேஜிக் கேமரா செயலியைத்தான் சொல்வேன். இலவசம், எல்லாம் கைக்கு அடங்கும்.

ஐந்து பிளேட்டையும், அதாவது ஐந்து தடவை எடுப்பதையும், அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். விடிந்ததும் எடுத்தால் நிழலின் நீளம் மளமளவென மாறும். பத்து மணி வாக்கில் நிதானமாக மாறும். மேகம் வந்தால் காத்திருங்கள். ஆளே இல்லாத வெற்றுப் பிளேட் ஒன்றும் கட்டாயம் எடுங்கள், ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும். ஒவ்வொரு பிளேட்டுக்கும் தலைப்பாகையை மாற்றிக் கட்டுங்கள், முன்வரிசை ஆளைப் பின்னுக்கு அனுப்புங்கள்.

எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். மாதச் சந்தா மென்பொருளுக்குக் காசு கட்டாதீர்கள். பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதிலேயே உள்ள ஃபியூஷன் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பாலிகன் மாஸ்க் (வேண்டிய பட்டையை மட்டும் காட்டும் வெட்டுக்கோடு) போட்டு ஓரத்தை மென்மையாக்குங்கள். தூசி மட்டும் எல்லை தாண்டி வெட்டுப்பட்டுத் தெரியும். அதனால் ஓடும்முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, தூசியைத் தனியாக, மாலை வெயில் பின்னாலிருந்து அடிக்க, கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்து ஸ்கிரீன் முறையில் (கறுப்பு மறைந்து வெளிச்சமான தூசி மட்டும் தெரியும்) மேலே போடுங்கள். ஒட்டின இடங்களையும் அது மூடிவிடும்.

பின்சேர்க்கை: என் படத்தில் ஒரு காட்சியின் பின்னணியில் சீமைக்கருவேலம் நிற்கிறதே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. அந்த மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இந்தியாவுக்கு வந்தது. 1801 கரிசலில் அது நிற்கக் கூடாது. பனையும் உடைமரமும் உள்ள பக்கமாகக் கேமராவைத் திருப்பி அந்தக் காட்சியை மறுபடி எடுத்தேன்.

இன்னொரு கேள்வி, வெள்ளைக்கார நடிகர்களுக்கு எங்கே போவது என்று. கம்பெனிப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அதே 18 பேருக்கும் சிவப்புக் கோட்டு தைத்துக் கொடுங்கள். அதிகாரி வேடத்துக்கு மட்டும் ஆள் தேடினால் போதும்.