பென்சன் எடுத்த பொலிஸ்காரரும் தப்பியோடிய கொலைகாரனும்: திருகோணமலைக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற ஒரு பொலிஸ்காரர். அவர் பிடித்து உள்ளே அனுப்பிய கொலைகாரன் சிறையிலிருந்து தப்பிவிட்டான் என்று ஒரு காலையில் செய்தி வருகிறது, மனிதர் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்புகிறார். குற்றக்கதையில் இதைவிட நல்ல தொடக்கம் குறைவு. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அதனால்தான் இதே கதையை நம்மவர்கள் திருகோணமலையில் வைத்து எழுதி, நாலாவது அத்தியாயத்திலேயே கெடுத்துவிடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான். தேடுகிறவருக்கும் ஓடுகிறவனுக்கும் அவர்களிடம் இல்லாததை எல்லாம் எழுதுகிறவர் அள்ளிக் கொடுத்துவிடுகிறார். கிழவரிடம் அதிகாரம் போய்விட்டது. ஓடுகிறவனிடம் வீடில்லை, காசில்லை, சொல்லிக்கொள்ளப் பெயர்கூட இல்லை. இரண்டு பேரும் அடுத்த நாளைத் தள்ளுவதற்கு யாரோ ஒருவரின் தயவு வேண்டும். யாரிடம் போய் நிற்கிறார்கள், அவர் ஏன் உதவுகிறார், எப்போது கைவிடுகிறார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

கிழவரில் தொடங்குவோம். இரண்டாம் அத்தியாயத்திலேயே லாச்சியைத் திறந்து பழைய ரிவோல்வரை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். அது எங்கிருந்து வந்தது? சேவைத் துப்பாக்கி திணைக்களத்தின் சொத்து, ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். சொந்தமாக ஒன்று வைத்திருப்பதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு போன் எடுத்து, ஆளின் சிம் எந்தக் கோபுரத்தில் நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். பதவியில் இருக்கிற விசாரணை அதிகாரிக்கே அது சும்மா கிடைக்கிற தகவல் இல்லை. பழைய சிநேகிதன் ஒருவன் களவாக எடுத்துக் கொடுக்கிறான் என்றால் சரி, கொடுக்கட்டும், ஆனால் அவனுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்க வேண்டும், மூன்றாம் தடவை அடிக்கும்போது அவன் போனை எடுக்கக் கூடாது.

இப்படி ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். ஒரு காலத்தில் தான் ஓ.ஐ.சி.யாக, அதாவது பொறுப்பதிகாரியாக, இருந்த நிலையத்துக்கே அவர் போகிறார். மேசையில் இருக்கிற பெடியனுக்கு அவரை ஆளே தெரியாது. “ஐயா, கொஞ்சம் இருங்கோ” என்று வாங்கைக் காட்டுகிறான். ஆடு களவு போன முறைப்பாட்டோடு ஒரு அம்மா, பக்கத்தில் மோட்டார்சைக்கிள் இடித்துக் காலில் கட்டுப் போட்ட ஒரு தம்பி, நடுவில் இவர். முக்கால் மணித்தியாலம். அந்த நேரம் முழுக்க அவர் கண் மேசையில் திறந்து கிடக்கிற புத்தகத்தில்தான் இருக்கிறது, சிங்களத்தில் எழுதிய என்ட்ரியைத் தலைகீழாக வாசித்துப் பழக்கப்பட்ட மனிதர், கடைசிப் பதிவின் நேரமும் ஒரு ஊரின் பெயரும் அவருக்குப் போதும். துப்பாக்கி இல்லை, அடையாள அட்டை காட்டவில்லை, ஆனாலும் முப்பது வருட அனுபவம் அந்த ஒரு பார்வையில் வந்துவிடுகிறது.

சட்டத்தையும் கொஞ்சம் புரட்ட வேண்டும். இங்கே நடப்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதன் 35ஆம் பிரிவு தனி ஆளுக்கும் கைது செய்ய இடம் கொடுக்கிறது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்முன்னே செய்கிறவனை, குற்றவாளி என்று பிரகடனம் செய்யப்பட்டவனை, அப்படியான குற்றம் செய்தான் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க விதத்தில் ஓடுகிறவனைப் பிடிக்கலாம். பிடித்த கையோடு அருகில் உள்ள பொலிஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே பாழடைந்த ஐஸ் ஆலையில் கட்டிவைத்து விடியும் வரை விசாரித்தால், குற்றம் செய்தவர் உங்கள் கதாநாயகர்தான்.

குற்ற ஒப்புதல் இன்னும் சுவாரசியமானது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியாக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது, 1895இல் வந்த சட்டம் அது. நம் கிழவரோ இப்போது பொலிஸ் உத்தியோகத்தர் இல்லை. தண்டனை பெற்ற கொலையைத் தவிர வெளியே தெரியாத இன்னொரு கொலையைப் பற்றி அவன் இவரிடம் வாய் திறக்கிறான் என்று வையுங்கள். சேவையில் இருந்த காலத்தில் கேட்டிருந்தால் நீதிமன்றத்தில் பிரயோசனப்பட்டிருக்காத வார்த்தை, பென்சன் எடுத்ததாலேயே பிரயோசனப்படக்கூடும். பயமுறுத்தி வாங்கிய வார்த்தை என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை உடைக்கப் பார்ப்பார், அதனால் அன்றிரவு கிழவர் கையை ஓங்கினாரா இல்லையா என்பதில் முழு வழக்கும் தொங்கும். இவ்வளவு நல்ல முடிச்சு சட்டப் புத்தகத்திலேயே கிடக்க, அடிதடியில் முடிப்பது எனக்குப் பெரிய வீணாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டுப் படம் பார்த்த பழக்கத்தில் வருகிற பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் பொலிஸில் கமிஷனர் கிடையாது, ஏ.எஸ்.பி, எஸ்.பி, எஸ்.எஸ்.பி, டி.ஐ.ஜி என்றுதான் மேலே போகும். கொலைக்குத் தண்டனை சொல்கிற பிரிவு இங்கே 296, படங்களில் கேட்ட 302 பழைய இந்தியச் சட்டத்தின் இலக்கம். “நாளைக் காலை தூக்கு, இன்றிரவு தப்பிவிட்டான்” என்று இன்றைய காலத்துக் கதையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். மரண தண்டனை இன்னும் விதிக்கப்படுகிறது, ஆனால் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. அப்படித் தண்டனை பெற்றவன் எப்போது என்று தெரியாமல் வருடக்கணக்கில் உள்ளேயே இருக்கிறான், அவன் ஏன் இத்தனை வருடம் பொறுத்துவிட்டு இப்போது ஓடினான் என்பது தூக்குக் கயிற்றைவிட நல்ல கேள்வி.

உண்மையில் நடந்த ஒரு வேட்டையைப் பாருங்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 1934 ஜனவரியில் ஈஸ்ட்ஹாம் சிறைப்பண்ணையிலிருந்து கைதிகள் சிலர் தப்பினார்கள், ஒரு காவலர் உயிரிழந்தார், அதற்கு ஏற்பாடு செய்தது போனி, கிளைட் என்ற இருவரின் கொள்ளைக் கூட்டம். அவர்களைத் தேடச் சிறைத்துறை அழைத்தது வேலையை விட்டிருந்த பிராங்க் ஹேமர் என்ற பழைய ரேஞ்சரை, டெக்சாஸ் மாநிலப் பொலிஸ்காரரை. முதலில் கவனிக்க வேண்டியது, அவர் சும்மா கிளம்பிப் போகவில்லை, உத்தியோகபூர்வமாக நியமித்துத்தான் அனுப்பினார்கள். அடுத்தது அவர் தேடிய விதம். துரத்தித் துரத்திச் சுடவில்லை, மாநில எல்லைகளைத் தொட்டுத் தொட்டு அவர்கள் சுற்றுகிற வட்டத்தையும் அந்த வட்டத்தில் யார் யாருடைய சொந்தக்காரர் வீடுகள் வருகின்றன என்பதையும் படித்தார். மே 23ஆம் திகதி லூசியானாவில் ஒரு நாட்டுப்புறத் தெருவோரம் அந்தக் கூட்டத்தை நிற்கவைத்தது, ஈஸ்ட்ஹாமிலிருந்து தப்பிய ஹென்றி மெத்வினுடைய தகப்பனின் லொறி. எத்தனை ஊர் சுற்றினாலும் ஓடுகிறவர்கள் தெரிந்தவர் வாசலுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

நம் கதைகளில் ஓடுகிறவனுக்கு வாசலே தேவைப்படுவதில்லை என்பதுதான் அடுத்த பெரிய குறை. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒளித்து வைத்துவிடுவார்கள். ஆசையாகத்தான் இருக்கும், பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகள் நிற்கின்றன, மேற்பகுதியில் பல காலமாகக் காடு மூடிக் கிடந்தது, படம் எடுத்த மாதிரிக் காட்சி. ஆனால் இரண்டு வாரம் அவன் எதைச் சாப்பிட்டான்? தண்ணீருக்கு எங்கே போனான்? காயத்துக்கு மருந்து யார் கொடுத்தது? ஒரு சோற்றுப் பார்சல் அங்கே போக வேண்டுமென்றால் ஒரு கை வேண்டும், அந்தக் கைக்குச் சொந்தக்காரியோ சொந்தக்காரனோ கடையில் வழக்கத்தைவிட ஒரு பார்சல் கூட வாங்க வேண்டும். ஒரு ஆள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஏன் இரண்டு பார்சல் என்று கடைக்கார அண்ணைக்கு உறுத்தினால் போதும், கிழவர் அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகும்போது பாதி வேலை முடிந்துவிடும். தப்பியவனின் தங்கச்சி, பழைய முதலாளி, சிறையில் பழகியவனின் பெண்சாதி என்று மூன்று பேரையாவது முழு மனிதராக எழுதாமல் இந்தக் கதையை எழுதவே கூடாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி, அதாவது கரையில் தற்காலிகக் குடிசை, போடுவார்கள். ஜூன், ஜூலையில் நிலாவெளி, குச்சவெளிக் கரையில் புது முகம் ஒன்றும் புதினமில்லை, கூலிக்கு வலை இழுக்கிறவனின் ஊரை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். அதே ஆளை டிசம்பரில் அதே கரையில் நிறுத்துங்கள். வாடி வெறுமை, மழை, கடல் அலைமோதுகிறது, தெரியாத ஒருவன் நடந்து போனால் அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பலர் இதைத் திருப்பிப் போட்டு, ஜூலையில் புயலும் டிசம்பரில் சின்னப் படகில் தப்பிப்பதுமாக எழுதுகிறார்கள்.

இடங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, இரண்டு மூன்றோடு நிறுத்துகிறேன். கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டின் ஓரத்தில் நள்ளிரவுச் சண்டை. கோயிலுக்குப் போகிற தெரு பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அந்த நேரத்தில் இரண்டு பேரும் வாசலைத் தாண்டியது எப்படி என்று ஒரு வரியாவது வேண்டும். மான் மிரண்டு ஓடியதை வைத்து இருட்டில் ஆள் நிற்பதைக் கண்டுபிடித்தாராம். திருகோணமலை நகரத்து மான்கள் மனிதர் கையிலிருந்து தின்று பழகியவை, ஆளைக் கண்டால் ஓடுவதைவிடக் கிட்ட வருவதற்கே வாய்ப்பு அதிகம், அதையே துப்பாக வைத்தால் நம் ஊர்க்கதை ஆகிவிடும். அப்புறம் கிண்ணியா. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை படகுப்பாதைக்காகத் துறையில் காத்து நின்றுதான் எல்லாரும் கடந்தார்கள். 1985இல் நடக்கிற கதையில் ஜீப்பில் விர்ரென்று துரத்திக்கொண்டு மூதூருக்குப் போக முடியாது, அந்தத் துறையில் முகத்தை மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவனைவிடப் பரபரப்பு எந்தத் துரத்தலிலும் இல்லை. ரயிலில் வருகிறவன் என்றால் கல்லோயாச் சந்தி, மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பாதை பிரிகிற இடம், விஷயம் தெரிந்த கிழவர் அங்கேதான் போய் உட்காருவார்.

கிழவரின் வயதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2020 வாக்கில் அறுபதாகி ஓய்வு பெற்றவர் என்றால் எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்திருப்பார். கிழக்கில் 1990 ஜூனில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அந்த மாதம் இவர் எந்த நிலையத்தில் இருந்தார்? யாரை இழந்தார்? தமிழராக இருந்து காக்கி போட்டவர் என்றால் வீட்டார் எத்தனை வருடம் அவருடைய வேலையை அயலில் சொல்லாமல் மறைத்தார்கள்? இதெல்லாம் இல்லாமல் மனைவி இறந்த துக்கம், ஒரு போத்தல் சாராயம் என்று மட்டும் கொடுத்தால் அந்த மனிதர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். பத்துப் பக்கம் பழைய கதை எழுதச் சொல்லவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார் என்று ஒரு வரி வந்தாலே போதும்.

கடைசியாக, கொல்லப்பட்டவரின் வீடு. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், எனக்கு மிகவும் கோபம் வருகிற இடமும் இதுதான். கொலைகாரன் வெளியே வந்துவிட்டான் என்றால் அந்த வீட்டில் அன்றிரவு யார் நித்திரை கொள்வார்கள்? சாட்சி சொன்ன மூத்த மகள் இப்போது எங்கே இருக்கிறாள்? உத்தியோகபூர்வமாக யாராவது போய்ச் சொன்னார்களா, அல்லது பேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டார்களா? கிழவர் முதலில் போக வேண்டிய வாசல் அது. வழக்கு நடந்த காலத்தில் “இனி ஒன்றும் பயப்பட வேண்டாம் பிள்ளை” என்று அவர்தான் அந்த மகளுக்குச் சொல்லியிருப்பார். அந்தச் சந்திப்பை முதலில் எழுதிவிடுங்கள், யாரும் கேட்காமலே இவர் ஏன் கிளம்பினார் என்று பிறகு எங்கேயும் விளக்கத் தேவைப்படாது.