பாய்சன் ஐவி மண்டிய தோட்டத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலோ கனடாவின் ஒண்டாரியோவிலோ ஊருக்கு வெளியே மரம் செடியோடு வீடு வாங்கியிருக்கிறீர்களா? வேலியோரம் களை பிடுங்க இறங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பாய்சன் ஐவி என்பது தொட்டால் தோல் அரித்துத் தடிக்க வைக்கும் செடி; கொடியாக மரத்திலும் ஏறும். அதுவும் மா, முந்திரி, சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகும் ஆள் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

தொல்லை தருவது உரூஷியால் என்கிற எண்ணெய். இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உண்டு. குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் கொடியிலும் உண்டு. கிரீஸ் மாதிரி தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

1. அடையாளம் காணுங்கள்

காம்புக்கு மூன்று இலை இருந்தால் தொடாதே என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ராஸ்ப்பெரிக்கும் மூன்று இலை வரும். அதில் முள் இருக்கும், ஐவியில் இருக்காது. ஐவியின் நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். பக்கத்து இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும். பாக்ஸ் எல்டர் என்கிற மரத்தின் கன்றும் ஏமாற்றும்; அதில் இலைகள் எதிரெதிராக வரும், ஐவியில் மாறி மாறி வரும். மரமேறிய பழைய கொடியில் முடி முடியாக வேர்கள் தெரியும். இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும். ஒடித்து ஜாடியில் வைத்துவிடாதீர்கள்!

2. உடம்பை மூடுங்கள்

முழுக்கைச் சட்டை, பேன்ட், பூட்ஸ், கனமான வினைல் கையுறை. மெல்லிய லேடெக்ஸ் கையுறை வேண்டாம், எண்ணெய் அதை ஊடுருவிவிடும்.

3. அகற்றுங்கள்

சின்னச் செடிகளை மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். மரத்தில் ஏறியதை அடியில் வெட்டிவிட்டு மேலே அப்படியே காய விடுங்கள். இழுத்தால் தலையில்தான் விழும். ஸ்ட்ரிங் டிரிம்மர் (நைலான் இழை சுழன்று புல் வெட்டும் கருவி) பக்கமே போகாதீர்கள், சாறு தெறிக்கும். எரிக்கவே கூடாது: எண்ணெய் புகையோடு நுரையீரலுக்குள் போகும்.

4. உடனே கழுவுங்கள்

வேலை முடிந்து டீ குடித்துவிட்டுக் கழுவலாம் என்றால் நேரம் போய்விடும். முடிந்தால் 10 நிமிடத்துக்குள் பாத்திரம் கழுவும் சோப்பும் ஓடும் தண்ணீருமாக, துணியால் தேய்த்துக் கழுவுங்கள். சும்மா நுரை போட்டு அலசினால் எண்ணெய் முழுதாகப் போகாது. ஒரு தடவை போதாது, நகக்கண்ணையும் விடாதீர்கள். துணிகளைத் தனியாகத் துவையுங்கள். கத்தரி, மண்வெட்டியை ஆல்கஹால் வைத்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அரிக்கும். புதருக்குள் புகுந்து வந்த நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தடவிக்கொடுக்கும் நமக்குத்தான் அரிக்கும்! கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்கள்.

5. அரிப்பு வந்துவிட்டால்

ஏற்கெனவே பட்டவர்களுக்கு ஓரிரு நாளில் தடிப்பு வரும். முதல்முறை என்றால் வாரக்கணக்கில் தாமதமாகலாம். கொப்புள நீரால் அது பரவுவதில்லை. குளிர்ந்த ஈரத்துணி, கேலமைன் லோஷன், அப்புறம் பொறுமை. பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் ஆறிவிடும். மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசும் யோசனையைத் தள்ளிவையுங்கள்.

முகத்திலோ கண்ணருகிலோ வந்தாலும், சீழோ காய்ச்சலோ இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். பாதியில் நிறுத்தினால் தடிப்பு மறுபடி கிளம்பலாம். புகையைச் சுவாசித்து மூச்சு முட்டினால் காத்திருக்காமல் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.